தொடக்கக் கோடு

1

தமிழ்நாட்டில் நவீனம் எப்போது நுழைந்தது என்று கேட்டால் நம்மிடம் தயாராக இருக்கும் பதில்கள் எல்லாமே அச்சடித்த தாளைச் சேர்ந்தவை. ஒரு பத்திரிகையின் முதல் இதழ், ஒரு சிறுகதைத் தொகுதி, யாப்பு உடைந்த ஒரு வருஷம். எழுதுகிறவன் சரித்திரம் சொல்ல வந்தால் எழுத்தைத்தான் நடுவில் வைப்பான். அதில் தப்பில்லை. ஆனால் தமிழ் மனிதன் நின்று, நடந்து, மூச்சு வாங்கிய தளங்களில் பெரும்பாலானவை இந்தச் சரித்திரத்துக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கல்லூரி மைதானம்.

இந்த மைதானத்தின் மனிதர் யார்? ஓடுபவர்களைச் சொல்லவில்லை. அவர்களில் சிலருக்காவது படமும் கோப்பையும் கிடைத்துவிடுகின்றன. விடிவதற்கு முன்பே கயிறும் முளையும் எடுத்துக்கொண்டு போய், புல்லில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, யார் எந்தத் தடத்தில் ஓடுவது என்று சீட்டுப் போட்டு, மாலையில் புள்ளிகளைக் கூட்டி, சாம்பியன் யார் என்று அறிவித்துவிட்டு, ஈட்டிகளை எண்ணி அறையில் பூட்டுகிற மனிதரைச் சொல்கிறேன். உத்தியோகத்தில் அவர் பெயர் உடற்கல்வி இயக்குநர். மாணவர்களின் வாயில் பி.டி. எங்கள் மண்ணச்சநல்லூர்ப் பக்கத்தில் இன்னும் டிரில் வாத்தியார். நமது சினிமாவிலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் அவர் எப்போதும் ஒரு கேலிச் சித்திரம். வாயில் விசில், கையில் பிரம்பு, தலைக்குள் ஒன்றுமில்லை. எழுதுகிறவர்களும் இந்தச் சித்திரத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம்.

எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. யார் மகன் என்று கேட்காத ஒரு விதி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை நமது சின்ன ஊர்களுக்குள் ஸ்தூலமாக, கண்ணால் பார்க்கும்படி கொண்டுவந்தவர்களில் இந்த மனிதருக்கு முக்கியமான இடம் உண்டு. அவர் கொண்டுவந்ததற்கு ஓர் எல்லையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

2

இந்த வம்சத்துக்கு ஒரு மூதாதை இருக்கிறார். ஹாரி குரோ பக், 1884ல் அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். மாஸசூஸெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியை நாம் அறியாமலே அறிவோம். 1891ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது அங்கேதான். அருகே ஹோல்யோக்கில் 1895ல் வில்லியம் மார்கன் வாலிபால் ஆட்டத்தை உருவாக்கினார், அவரும் ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்தவர். சமயபுரம் சாலையில் பஸ்ஸில் போகும்போது இரண்டு கம்பமும் ஒரு கிழிந்த வலையுமாக ஊருக்கு ஊர் தெரியும் வாலிபால் தரைகளுக்கு இப்படி ஒரு பூர்வீகம்.

பக் 1919ல் சென்னைக்கு வந்தார். 1920ல் உடற்கல்வி ஆசிரியர்களைத் தயாரிக்க ஒரு பள்ளியைத் தொடங்கினார். அடையாற்றங்கரையில் நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். அவர் வந்தபோது இங்கே பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி என்றால் டிரில். அதை நடத்தியவர்களில் பலர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள். கட்டளை, கீழ்ப்படிதல், வரிசை. பையனின் உடம்பு ஒரு துப்பாக்கிக்குத் தேவையான துணைக் கருவி என்ற பார்வை அதில் இருந்தது. பக் இதன் இடத்தில் விளையாட்டை வைக்க முயன்றார். டிரில்லில் கட்டளையிடுபவன் ஒருவன், மற்றவர்கள் கேட்பவர்கள். விளையாட்டில் கட்டளையிடுவது விதி. நடுவரும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டவர். இந்த வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். காலனி ஆட்சியின் கீழ் இருந்த ஒரு பள்ளி மாணவனுக்கு அது சின்னதல்ல.

அவர் தொகுத்த விளையாட்டு விதிகளின் புத்தகம், கல்கத்தாவில் ஒய்.எம்.சி.ஏ. பதிப்பகம் வெளியிட்டது, பல பதிப்புகள் கண்டது. இலக்கியமாக அதில் ஒன்றும் இல்லை. தரையின் நீளம், அகலம், பந்தின் எடை, எது தவறு, தவறுக்கு என்ன தண்டனை, இவ்வளவுதான். ஆனால் பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களின் மேஜையில் இருந்த புத்தகம் அது. ஊருக்கு ஊர் மாறும் வழக்கத்தின் இடத்தில் எங்கும் ஒன்றாக இருக்கும் எழுத்தை வைத்தது. இந்திய உடற்பயிற்சிகளையும் ஆட்டங்களையும் தமது கல்லூரியின் பாடத்தில் அவர் சேர்த்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பந்தயம் நடத்துபவர் என்ற வகையில் பக்கின் வாழ்க்கையின் முக்கிய வருஷம் 1924. அதற்குக் கொஞ்சம் முன்னே போக வேண்டும். 1919ல் பூனாவில் டெக்கான் ஜிம்கானாவின் வருஷாந்திரப் போட்டியை அதன் தலைவர் தொராப்ஜி டாடா பார்த்தார். வெறுங்காலுடன் நீண்ட தூரம் ஓடியவர்கள் பெரும்பாலும் குடியானவர்கள். பயிற்சி கிடையாது, முறையான தடம் கிடையாது. ஆனால் அவர்கள் ஓடி முடித்த நேரம் ஐரோப்பாவில் பேசப்படும் நேரங்களுக்குப் பக்கத்தில் வந்தது. டாடாவின் முயற்சியில் 1920ல் ஒரு சிறு அணி ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்குப் போயிற்று. அதில் சௌகுலே மாரத்தான் ஓட்டத்தில் 19வதாக வந்தார். அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை வேண்டும் என்றானபோது ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வித் துறையில் இருந்த நோரனும் பக்கும் அந்தக் காரியத்தில் இறங்கினார்கள். 1924 பிப்ரவரியில் தில்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. அதே வருஷம் பாரிஸுக்குப் போன இந்தியத் தடகள அணிக்கு மேலாளர் பக். கண்ணூர்க்காரரான லட்சுமணன் அங்கே 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பதக்கம் எதுவும் வரவில்லை. பிறகு நோரனும் பக்கும் மாகாணம் மாகாணமாகப் போய்ச் சங்கங்கள் அமைக்க உதவினார்கள். 1927ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று. டாடா தலைவர், நோரன் செயலாளர். 1928ல் ஹாக்கியில் தங்கம் கிடைத்தது. அந்த வெளிச்சத்தில் தடகளத்தின் இந்த ஆரம்ப உழைப்பு கண்ணில் படாமல் போயிற்று. பக் இங்கேயே இருந்து 1943ல் காலமானார்.

பக்கைப் புனிதராக்க வேண்டிய அவசியமில்லை. அவர் மிஷன் ஸ்தாபனத்தின் ஆள். உடல், மனம், ஆன்மா என்று மூன்று பக்கம் கொண்ட ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணம், நல்ல குடிமகனையும் நல்ல கிறிஸ்தவனையும் ஒரே அச்சில் வார்க்க முடியும் என்ற நம்பிக்கையின் சின்னம். இந்தியனின் உடம்பு பலவீனமானது, அதைச் சரிசெய்ய ஒரு மேற்கத்திய வைத்தியர் வேண்டும் என்ற அகந்தையும் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது. பூனாவில் வெறுங்காலுடன் ஓடிய குடியானவன் அந்த அகந்தைக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டான். ஆனால் ஒரு முறை ஓர் இடத்துக்கு வந்து வேர் பிடித்த பிறகு, அதைக் கொண்டுவந்தவரின் நோக்கத்தோடு அது நின்றுவிடுவதில்லை. நாவல் என்ற வடிவமும் நமக்கு இப்படித்தான் வந்தது.

3

பக்கின் மாணவர்களும், அவர்களுடைய மாணவர்களும் கொண்டுவந்தது என்ன என்று தெரிய ஒரு தடகளத் தடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். கணக்கு இல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ளலாம்.

400 மீட்டர் தடம் என்பது இரண்டு நேர்கோடுகளும் இரண்டு அரைவட்டங்களும். உள்தடத்தில் ஓடுபவனுக்கு வட்டம் சின்னது. வெளித்தடத்தில் ஓடுபவனுக்குப் பெரியது. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே இருப்பவன் அதிக தூரம் ஓட வேண்டும். ஆகவே வெளியே போகப் போகத் தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளி வைக்கிறார்கள். மைதானத்தில் இதற்கு ஸ்டாகர் என்று பெயர். தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்றால், உள்விளிம்பில் கட்டை பதிக்காத சாதாரணச் சுண்ணாம்புத் தடத்தில், ஒரு சுற்றுக்கு ஒவ்வொரு தடமும் முந்தையதைவிட 7.67 மீட்டர் கூடுதல். ஆறாவது தடத்துக்காரன் முதல் தடத்துக்காரனைவிட 38 மீட்டருக்கு மேல் முன்னால் நிற்பான். மைதானம் சின்னதாக இருந்து 200 மீட்டர்ச் சுற்றுதான் போட முடிகிறது என்றாலும் இந்த 7.67 மாறாது. வட்டத்தின் அளவைப் பொறுத்ததல்ல அது. தடத்தின் அகலத்தை மட்டுமே பொறுத்தது. பெரிய ஸ்டேடியத்துக்கும் ஊர் உயர்நிலைப்பள்ளி மைதானத்துக்கும் ஒரே எண்.

தெரியாதவன் கண்ணுக்கு இது அப்பட்டமான அநியாயம். ஒருவனை இங்கே நிறுத்தி, இன்னொருவனை 38 மீட்டர் முன்னால் நிறுத்தி, பந்தயம் என்கிறார்களே என்று தோன்றும். தூரத்தைச் சமமாக்கத்தான் தொடக்கத்தைச் சமமில்லாமல் வைத்திருக்கிறது என்பது வளைவு முடிந்து கடைசி நேர்கோட்டுக்கு எல்லோரும் வரும்போதுதான் புரியும்.

முடிவுக் கோட்டின் சட்டங்களும் இப்படித்தான். தலை முந்தினால் போதாது, கை நீட்டினால் போதாது. உடற்பகுதி, அதாவது மார்பும் வயிறுமான முண்டம், கோட்டின் தளத்தைத் தொட வேண்டும். கைக்கடிகாரத்தில் நேரம் எடுத்த காலத்தில், துப்பாக்கியின் சத்தத்துக்கு அல்ல, புகைக்குத்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பது விதி. 100 மீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்குச் சத்தம் வந்து சேரப் பத்தில் மூன்று வினாடி ஆகும்; அந்த இடைவெளியில் ஒரு சாதனை பிறந்துவிடும். ஒரே ஓட்டக்காரனுக்கு மூன்று பேர் நேரம் எடுப்பார்கள். ஒருவர் கடிகாரத்தை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது, கலந்து பேசக்கூடாது. இரண்டு கடிகாரம் ஒத்துப்போனால் அதுதான் நேரம். மூன்றும் வேறுவேறு என்றால் சராசரி எடுப்பதில்லை, நடுவில் உள்ளதை எடுப்பார்கள். இரண்டே கடிகாரம் இருந்து அவை வேறுபட்டால் மெதுவான நேரம்தான் செல்லும். சந்தேகத்தின் பலனை ஓடியவனுக்குக் கொடுப்பதில்லை. இதில் ஈவிரக்கமில்லாத ஒரு நேர்மை இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஒரு நல்ல படைப்பு உண்டு, சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. வீரம், வஞ்சம், உடம்பின் துல்லியமான அசைவு, எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்த மைதானத்தின் மையத்தில் இருப்பவர் ஜமீன்தார். காளை அவருடையது. மரியாதை அவருடையது. பரிசு தருபவர் அவர், கடைசியில் தன் காளையைச் சுடுபவரும் அவர். பிச்சி ஜெயித்தது ஒரு மனிதரின் கௌரவத்தோடு பிணைந்த காரியம். அந்த உலகத்தை அதன் உள்ளிருந்தே காட்டியது செல்லப்பாவின் சாதனை. கல்லூரி மைதானத்தில் ஜமீன்தார் இல்லாமல் இல்லை. அவர் தலைமை விருந்தினராக மேடையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் கோட்டில் அவருக்கு வேலை இல்லை. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலில் கிரிக்கெட் வருகிறது. ஒரு பையனின் உலகம் சரித்திரத்தில் சிக்கி உடைவதற்கு அந்த மட்டையும் பந்தும் சாட்சியாக நிற்கின்றன. தடகள மைதானத்தைப் பற்றி இந்தத் தரத்தில் ஒரு தமிழ்ப் படைப்பை நான் படித்ததில்லை.

4

திருச்சிக்கு வருவோம். கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர் அரிசி ஆலைகளின் ஊர். நெல் அவித்துக் காயவைக்கும் களங்கள்தான் எங்கள் பையன்களுக்குத் தெரிந்த சமதளம். மேல்படிப்பு என்றால் நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி, கொள்ளிடமும் காவிரியும் தாண்டி, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். இறங்கியதும் செயிண்ட் ஜோசப் கல்லூரி. 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883ல் திருச்சிக்கு வந்தது. அதன் முதல்வராக இருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் பெர்ட்ரம் 1925ல் சென்னையில் லயோலா கல்லூரியை நிறுவினார். அவர் நினைவாக லயோலாவில் நடக்கும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் பரிசு வாங்கி வந்த பையன்கள் பெர்ட்ரம் என்பது ஒரு கோப்பையின் பெயர் என்றே நினைத்தார்கள். 1919ல் தோன்றிய நேஷனல் கல்லூரி, 1951ல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரி, பிறகு வந்த மற்றவை. 1982ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வரும் வரை இவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1950களில் காரைக்குடியிலும் கோவைக்கு அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும் உடற்கல்விக் கல்லூரிகள் வந்துவிட்டன. ஆனால் பழைய தலைமுறை இயக்குநர்கள் பலருக்குப் படிப்பு என்றால் நந்தனம்தான்.

அப்படி ஒருவரிடம் 1970களின் கடைசியில் நான் மூன்று வருஷம் தொண்டனாக வேலை பார்த்தேன். ஓடத் தெரியாதவனுக்கும் மைதானத்தில் இடம் கொடுப்பார். எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்டாப் வாட்ச். அவர் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவருடைய வாழ்க்கை அந்த உத்தியோகத்தில் இருந்த பலருடைய வாழ்க்கை.

வருஷத்தில் ஒன்பது மாதம் அவர் வேலை கடிதப் போக்குவரத்து. மற்றக் கல்லூரிகளுக்குச் சுற்றறிக்கை, பெயர்ப் பட்டியல், தகுதிச் சான்றிதழ், ரயில் சலுகைப் படிவம், பையன்களின் முட்டைக்கும் பாலுக்கும் கணக்கு, அந்தக் கணக்கில் ஆபீஸ் போடும் சிவப்பு மை. போட்டி நடக்கும் இரண்டு நாள் மட்டும் அவர் ராஜா. அன்றைக்கும் ராஜாவாக நடந்துகொள்ள அவருக்கு நேரமிருக்காது. மணல் குழியைக் கிளறிவிட்டார்களா, குண்டை எடை போட்டார்களா, 5000 மீட்டர் ஓட்டத்தில் சுற்றுகளை எண்ண ஆள் உண்டா என்று ஓடிக்கொண்டிருப்பார். ஒரு சுற்றுத் தவறாக எண்ணிவிட்டால் ஒரு பையனின் வருஷம் போயிற்று என்பார்.

ஒரு வருஷம் 400 மீட்டர் இறுதி ஓட்டம். ஆறாவது தடத்தில் நின்றவன் துறையூர்ப் பக்கத்துப் பையன், காலில் ஸ்பைக்ஸ் கிடையாது. மேடையில் இருந்த தலைமை விருந்தினர், செல்வாக்குள்ளவர், மைக்கை அடுத்து உட்கார்ந்திருந்ததை மறந்துவிட்டு உரக்கக் கேட்டார்: "அந்தப் பையனை மட்டும் ஏன்யா அவ்வளவு முன்னாடி நிறுத்தியிருக்கீங்க? யாரு சிபாரிசு?" மைதானம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். எங்கள் இயக்குநர் மேடைக்குக் கீழே போய் நின்று, "ஐயா, வளைவு முடியட்டும். அப்புறம் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். ஸ்டார்ட்டரைப் பார்த்துக் கையை அசைத்தார்.

வளைவு முடிந்தது. ஆறு பேரும் நேர்கோட்டுக்கு வந்தபோது ஆறாவது தடத்துப் பையன் மூன்றாவதாக இருந்தான். முடிவில் நான்காவதாக வந்தான். எனக்கு இந்தச் சம்பவத்தில் முக்கியமாகப் படுவது அந்த நான்காவது இடம்தான். அவன் ஜெயித்திருந்தால் இது நல்ல சினிமாக் காட்சி. தோற்றதால்தான் இது ஒரு நிரூபணம். முன்னால் நிறுத்தியது சலுகையாக இருந்தால் அவன் தோற்றிருக்க முடியாது.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வொரு போட்டியின் முடிவும் அதில் ஏறும். பெயர், கல்லூரி, மார்பு எண், நேரம் அல்லது தூரம். நான்கே பத்திகள். அன்றையக் கல்லூரியில் விண்ணப்பம், சேர்க்கைப் பதிவேடு, விடுதிக் கணக்கு, உபகாரச் சம்பளப் படிவம் என்று நான் பார்த்த காகிதங்கள் எல்லாவற்றிலும் சாதிக்கு ஓர் இடம் இருந்தது. அவற்றில் பலவற்றில் அது இருக்க வேண்டிய காரணமும் இருந்தது. இந்த நோட்டில் மட்டும் அது இல்லை. அவர் கொள்கைக்காக விட்டதில்லை. அந்த நோட்டு எழுப்பிய கேள்விக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை, அவ்வளவே. அவர் ஓய்வு பெற்றபோது சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து நான் விசாரித்தபோது அந்த நோட்டுகள் பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போயிருந்தன. கல்லூரி மலரில் முதல்வர்களின் படங்கள் வரிசையாக இருக்கின்றன.

5

அந்த மேடைக் கேள்வி எனக்குப் பழக்கமான கேள்வி. பக் தமது பள்ளியைத் தொடங்கிய அடுத்த வருஷம், 1921ல், நீதிக்கட்சி அரசாங்கம் முதல் வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. அன்றிலிருந்து, 1951ல் நீதிமன்றம் அதை ரத்து செய்து, அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, இன்றுவரை தமிழ்நாட்டில் தகுதி பற்றி நடக்கும் விவாதம் பெரும்பாலும் தொடக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறது. 'அவனை ஏன் முன்னாடி நிறுத்தினீர்கள்?' ஒரு தடகள இயக்குநரைக் கேட்டால் அவர் திருப்பிக் கேட்பார்: 'வளைவு எவ்வளவு?'

இந்த உவமையை இதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். சுண்ணாம்புத் தடத்தில் வளைவை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது, 7.67 என்று எண் சொல்லிவிடலாம். தலைமுறைகளின் வளைவுக்கு அப்படி எண் கிடையாது, ஆகவே அதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இன்னொன்று, இயக்குநரின் நியாயம் கோட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கோட்டுக்கு யார் வந்து சேர்ந்தார்கள், யார் வரவே இல்லை என்பது அவர் நோட்டில் ஏறாது. துறையூர்ப் பையன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பதற்குப் பத்தி இல்லை. அவன் தங்கை ஏன் ஓட வரவில்லை என்பதற்கும் இல்லை. பெண்களின் 800 மீட்டர் ஓட்டத்தை 1928க்குப் பிறகு ஒலிம்பிக்ஸிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓடி முடித்ததும் சிலர் தரையில் சாய்ந்துவிட்டார்கள், பெண்ணுடம்பு தாங்காது என்றார்கள். திரும்ப 1960ல்தான் சேர்த்தார்கள். ஆண்களும் ஓடி முடித்துச் சாய்கிறார்கள். அதை வீரம் என்று எழுதுகிறோம்.

அளவுகோல் தூரத்தை அளப்பதை விட்டு உடம்பை அளக்க ஆரம்பிக்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் நமக்குத் தொலைவில் போக வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006ல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினப் பரிசோதனை என்றார்கள், தேறவில்லை என்றார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் எதையும் மறைத்ததாகவோ மருந்து சாப்பிட்டதாகவோ குற்றச்சாட்டு இல்லை; பிறந்த உடம்போடு ஓடியதுதான் குற்றம். அதற்குப் பிறகு அவர் செங்கல் சூளையில் வேலை பார்த்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. பின்னால் பயிற்சியாளர் படிப்பை முடித்து அரசுப் பயிற்சியாளராகவும் ஆனார். கையில் விசிலும் கடிகாரமுமாக மற்றவர்களுக்குக் கோடு போட்டுக் கொடுக்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்ததில் உள்ள கசப்பையும் கம்பீரத்தையும் எந்த இலக்கியம் எழுதப் போகிறது?

முடிவுக் கோடு தள்ளிப் போனதும் உண்டு. எங்களுக்குப் பக்கத்து ஊரான லால்குடி வட்டாரத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய நால்வரில் ஒருவர். முதலில் வந்த பஹ்ரைன் அணியின் ஓட்டக்காரி ஒருவர் ஊக்க மருந்துக்காகத் தடை செய்யப்பட்டார். 2020ல் அந்த வெள்ளி தங்கமாயிற்று. இரண்டு வருஷம் கழித்து முடிந்த ஓட்டம். இங்கே அளவுகோல் தன்னைத் தானே திருத்திக்கொண்டது, சாந்தி விஷயத்தில் செய்யாததை. ஒரே முறையிலிருந்துதான் இரண்டும் வந்தன. அந்த முறையைக் கும்பிடவும் முடியாது, தூக்கி எறியவும் முடியாது என்று சொல்வது இதனால்தான்.

6

கடைசியாக, இது ஏன் இந்தப் பக்கங்களில்? நமது விமர்சனத்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார்; காரணம் கேட்டபோது வாசித்துப் பார் என்றார். செல்லப்பா 1959ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, அலசிக் காட்டு, வரிக்கு வரி காட்டு என்றார். ஒருவர் முடிவுக் கோட்டில் கண்ணை நம்பிய நடுவர். மற்றவர் டேப்பை விரித்தவர். தடகளத்தில் இருவருக்கும் வேலை உண்டு. யார் முதலில் வந்தான் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்பவர் வேறு, எவ்வளவு நேரத்தில் என்று சொல்பவர் வேறு; இருவரையும் அருகருகே வைத்துத் தனித்தனியே கேட்பார்கள். நம்மிடம் இல்லாதது மூன்றாவது ஆள், தொடக்கக் கோட்டைப் போடுகிறவர். எழுத வருகிற ஒருவன் எந்த வளைவிலிருந்து வருகிறான், எந்த மொழிப் பழக்கத்திலிருந்து, எந்தப் படிப்பிலிருந்து அல்லது படிப்பின்மையிலிருந்து வருகிறான் என்று அளந்து வைத்துவிட்டு, பிறகு கடைசி நேர்கோட்டில் எந்தச் சலுகையும் இல்லாமல் கடிகாரத்தை அழுத்துகிற விமர்சனம். நாம் இரண்டு காரியத்தையும் குழப்பிக்கொள்கிறோம். கோட்டில் கடுமையாக இருந்துவிட்டு முடிவில் நண்பனுக்கு இரண்டு பத்தில் ஒன்றைத் தள்ளுபடி செய்கிறோம். கடிகாரங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறோம். மதிப்புரை எழுதுமுன் மற்றவர் என்ன எழுதப் போகிறார் என்று டீக்கடையில் விசாரித்துவிடுகிறோம்.

பக்கின் பெயர் நந்தனத்தில் இருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் எங்கும் இல்லை. தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகளில் எங்கேயாவது ஓர் அலமாரியில் ஈட்டிகளுக்கும் கிழிந்த வலைகளுக்கும் பின்னால் அந்த நீள நோட்டுகளில் சில இன்னும் இருக்கக்கூடும். நான்கு பத்திகள் கொண்ட நோட்டுகள். இதை வாசிப்பவர்களில் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.